தொட்டில் கொக்கி

செருப்பை வாசப்படியிலயே உட்டுட்டு வாங்க தம்பி, டைல்ஸு இப்பத்தான் தொடச்சது. சித்த நேரம் உக்காருங்க. எங்கூட்டுக்காரரு பேப்பர் பாக்கறேன்னு பேக்கரிக்குப் போனவரு மாடிச் சாவியையும் பாக்கெட்டுல போட்டுட்டுப் போயிட்டாரு. டீ குடிச்சதும் வந்துருவாரு. ஊட்டம்மா வரலீங்களா? வெளி கேட்டுக்கிட்ட நிக்கறாங்களா? சரி, அங்க வேப்ப மரம் இருக்குது, நெழல்ல நிக்கட்டும். மொதல்ல நீங்க பாருங்க. பொம்பளைங்க வந்தா சமையக்கட்டைப் பாத்துட்டு அங்கியே நின்னுக்குவாங்க.

நேத்துத்தானுங்க வாடகைப் போர்டு மாட்டுனேன். நீங்க பன்னண்டாவது ஆளு. திருப்பூர்ல ஊட்டுக்கு இருக்கற அடிபிடி உங்களுக்குத் தெரியாததில்ல. போர்டைக் கட்டிட்டு உள்ள வந்து தண்ணி குடிக்கறதுக்குள்ள ஆளு வந்து நிக்குது. நான் எல்லாருக்கும் குடுத்தற மாட்டேன். மூஞ்சியப் பாப்பேன், பேச்சைப் பாப்பேன். நீங்க ரெண்டே பேருன்னு புரோக்கரு சொன்னாரு. அதாங்க எனக்குப் புடிச்சுது. ரெண்டு பேரும் காலைல வேலைக்குப் போனா பொழுதோட வருவீங்க, சத்தமில்ல, சலம்பலில்ல. செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது. ஒரம்பரை வந்தா ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும், மூணாம் நாள் நான் கேப்பேன். வண்டிய கேட்டுக்கிட்டயே ஆஃப் பண்ணிப்போட்டு உருட்டிட்டு வரோணும். அவ்வளவுதானுங்க. நான் ஒண்ணும் அடாவடிக்காரி இல்ல.

என்னங்க மேல பாக்கறீங்க?

அதுவா. அது தொட்டில் கொக்கி. சுத்தியும் வட்டமாப் பட்டி பாத்திருக்கறது தெரியுதுங்களா? எத்தனை பெயிண்டு அடிச்சாலும் தனியாத் தெரியுது. அந்த மூலையில பிளாஸ்டிக் கவரு மூடி நிக்குதே, அதுதான் தொட்டிலு. தேக்கு. அதைப் பத்திக் கேக்காதீங்க தம்பி, கேட்டா எனக்கு வவுறு எரியும். ம்... நீங்க கேக்கலைதான். அவரு வர்ற வரைக்கும் சும்மா மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு என்ன பண்றது, சொல்றேன் கேளுங்க.

இந்த எடத்துல முன்னாடி எங்க மாமனாரு கட்டுன ஓட்டு ஊடு இருந்துச்சுங்க. பின்னாடி வரிசையா வாடகைக்கு அஞ்சு லைன் ஊடு. எல்லாம் பனியன் கம்பெனிக்குப் போற சனங்க. எனக்கு ஒரே மக, தாரணி. அவளை தாராபுரத்துல கட்டிக்குடுத்ததும், இனி இந்த ஓட்டு ஊட்டை வெச்சுட்டு என்ன பண்றதுன்னு தோணுச்சு. நாலா பக்கமும் கட்டடமா எந்திரிக்குது. எதுத்த ஊட்டுக்காரன் மூணு மாடி எடுத்துட்டான். நாம மட்டும் ஓடு மாத்தி ஓடு மாத்தி எத்தனை நாளைக்கு? இடிச்சுப்போட்டு நாமளும் மாடி எடுப்போம், கீழ நாம இருப்போம், மேல வாடகைக்கு உடலாம், மக நாளைக்குப் புள்ள பெக்க வந்தாலும் ஏசி ரூமுல இருப்பான்னு நாந்தான் சொன்னேன். அவருக்கு மனசில்ல. அவருக்கு எதுலதான் மனசு இருந்துச்சு.

லைன் ஊட்டுக்காரங்க எல்லாம் சொன்னதும் காலி பண்ணிட்டாங்க. மரகதம்னு ஒருத்தி மட்டும் நின்னா. தேனிப் பக்கத்துப் புள்ள, கம்பெனியில செக்கிங் வேலை. ஆறு வருசமா எங்ககிட்ட இருந்தவ. தங்கமான புள்ளைங்க, பொய் சொல்லக் கூடாது. தாரணி கல்யாணத்துக்கு மூணு நாள் வேலைக்கு லீவு போட்டுட்டு ஏனம் வெளக்குனவ. அவளுக்கு அப்ப ஏழு மாசம். "அக்கா, ரெண்டே மாசம் குடுங்கக்கா, பெத்துட்டு நானே போயிர்றேன்"னு கேட்டா. நானும் மனுசிதானுங்களே, எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆவணியில முகூர்த்தம் குறிச்சாச்சு, பொக்லைனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. அந்த முகூர்த்தம் உட்டா அப்புறம் தை மாசந்தான்னு சோசியரு சொல்லிட்டாரு. "ஏம்புள்ள, ரெண்டு மாசந்தானே, அவ பெத்துட்டுப் போகட்டுமே"ன்னு இவரு சொன்னாரு. வவுத்தப் பாத்துட்டு இருந்தா கட்டடம் எந்திரிக்குமான்னு கேட்டேன்.

ஆனா சும்மா அனுப்பலீங்க. அதைச் சொல்லோணும். ஊட்டுக்குள்ள கூப்புட்டு உக்கார வெச்சு, ரெண்டு கையி நெறையா நானே வளையல் போட்டு, அஞ்சு வகைச் சோறு கட்டி, ரவிக்கத் துணி வெச்சுக் குடுத்து அனுப்புனேன். எந்த ஓனரு பண்ணுவா இந்தக் காலத்துல? அவளே கண்ணுல தண்ணி வெச்சுட்டா. புதன்கெழமை அவ சாமான ஆட்டோவுல ஏத்துனா, வியாழக்கெழமை பொக்லைன் வந்துருச்சு.

எட்டு மாசத்துல சாவி கையில குடுக்கறேன்னு இஞ்சினியர் தயாளன் சத்தியம் பண்ணுனான். நம்பிப்போட்டு நாங்க ரெண்டு தெரு தள்ளி ஒரு வாத்தியார் ஊட்டு மாடியில வாடகைக்குப் போனோம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொந்த ஊட்ல இருந்தவளுங்க நானு. அங்க போயி அடுத்தவங்க மொகத்தப் பாத்துட்டு தண்ணி புடிக்க வேண்டியதாப் போச்சு. எட்டு மாசந்தானே, பல்லக் கடிச்சுட்டு இருந்துக்கலாம்னு இருந்தேன்.

செவுரு சன்னல் ஒசரத்துக்கு வந்துச்சு. அத்தோட சரி. ஒரு நாள் காத்தால போயிப் பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. வடக்கத்திப் பசங்க நாலு பேரு தங்கி வேலை பாத்துட்டு இருந்தாங்க, அவனுங்க பாய் சட்டி எதுவுமே காணோம். என்னடான்னா அவிநாசி ரோட்டுல எவனோ நூறு ஊடு அடுக்குமாடி கட்டறானாம், நம்ம தயாளன் அதுல ஒரு பகுதிய எடுத்துட்டு மொத்தப் பேரையும் அங்க ஓட்டிட்டான். போன் பண்ணுனா, "நாளைக்கு ஆளு அனுப்பறேனுங்கக்கா." அந்த நாளைக்கு ஏழு மாசம் ஆச்சு தம்பி. நான் தெனமும் பொழுதோட வந்து அந்த மணல் குமி மேல உக்காந்துட்டு இருப்பேன். போறவங்க வர்றவங்க எல்லாம், "என்னக்கா இன்னும் மேல மோல்டு போட்டுக் கூரை மூடலியா?"ன்னு கேப்பாங்க. ஊரு முழுக்க ஊடு கட்டறான், என்ற ஊட்டைக் கட்டறதுக்கு மட்டும் ஒரு ஆளு இல்ல. ஒரு நாள் அவன் அடுக்குமாடி சைட்டுக்கே போயிச் சண்ட புடிச்சேன். அங்கியும் ஃபிளாட்டுக்குப் பணம் கட்டுனவங்க பத்துப் பேரு அவனத் தேடிட்டு நின்னாங்க. அதையப் பாத்ததும் எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல.

ஒரு வழியா அடுத்த ஐப்பசியில கீழ்த்தளத்துக்குக் கூரைக் கான்கிரீட் போட வந்தாங்க. கம்பி கட்டி முடிச்சாச்சு, மிஷினு ஓடுது. அப்ப மேஸ்திரி மேல இருந்து எட்டிப் பாத்துக் கேட்டாரு, "அம்மா, தொட்டிலுக்குக் கொக்கி எந்தெந்த ஊட்ல உடறதுங்க? இப்பவே கம்பியில கட்டோணும்." எனக்கு லைன் ஊட்டு நெனப்புத்தான் வந்துச்சு. தொட்டில் கட்ட வசதி இருந்தாலே புள்ளக்காரங்களாத்தான் வருவாங்க. கத்தலு, மூத்திர வாடை, செவுரு பூராவும் எண்ணெய்க் கையி. இப்படிப் புது ஊட்டைக் கட்டி எதுக்கு அதையெல்லாம்? "இந்தக் கட்டடத்துல ஒரு ஊட்லயும் கொக்கி வேண்டாம். கீழயும் வேண்டாம் மேலயும் வேண்டாம்"னு கத்திச் சொன்னேன். சத்தத்துல கேக்கலைன்னு ரெண்டு தடவ வேற சொன்னேன்.

அன்னிக்கு என்ற மக முழுகாம இருக்கறது எனக்குத் தெரியாதுங்க. பத்து நாள் கழிச்சுத்தான் போன் வந்துச்சு.

சந்தோசத்துல எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. தலைப்பிரசவம். எங்க சனத்துல தலைப்பிரசவம் அம்மா ஊட்லதான். அது சட்டமாட்ட. ஏழாம் மாசம் வளையல் போட்டு, கட்டுச்சோறு ஆக்கிட்டுப் போயி மகளக் கூட்டிட்டு வந்துரோணும். பெத்து, மூணு மாசம் வெச்சுப் பாத்து, சீரோட அனுப்போணும். அது நடக்கலைன்னா அம்மான்னு நான் எதுக்கு? அதுக்குள்ள ஊடு முடிஞ்சுரும்னு நெனச்சேன். முடியல. சித்திரை வந்துருச்சு, மேல செவுரே இன்னும் எழும்பல, கீழ பூச்சு வேலை பாதியில நிக்குது. சரி, வாத்தியார் ஊட்டுக்கே கூட்டிட்டு வந்துக்கலாம்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லப் போனேன். சொல்லத்தான் போனேன், கேக்கப் போகல.

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறாரு. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. பூசை பண்ற ஊடு. பிரசவத் தீட்டெல்லாம் ஆகாது. குழந்த சத்தமும் எனக்கு ஒத்துக்காது. ரெண்டு பேருன்னு பேசித்தானே வந்தீங்க?"ங்கறாரு. "புள்ள பொறக்கறது ஆஸ்பத்திரியிலங்க, உங்க பூசை ரூமுல இல்ல"ன்னு சொன்னேன். "பொறக்கறது அங்க, வர்றது இங்கதானுங்களே"ன்னாரு. படிச்ச மனுசன் தம்பி. எத்தனை புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருப்பாரு. ஏழு மாசப் புள்ளத்தாச்சிக்கு எடமில்லேன்னு சொல்ல ஒரு மனுசனுக்கு எப்படி வாய் வருது? நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி நான் சோறு திங்கல. இவரு மட்டும் என்ற மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. என்ன பாக்கறீங்கன்னேன். ஒண்ணுமில்லைன்னாரு.

அப்புறம் ஊடு தேட ஆரம்பிச்சேன். சித்திர வெயிலுங்க. கொடைய புடிச்சுட்டு தெருத் தெருவாப் போறேன். ஊருக்கு ஆயிரம் பேரு புதுசா வர்றான், அவனுக்கெல்லாம் ஊடு கெடைக்குது, இந்த ஊர்லயே பொறந்து இந்த ஊர்லயே வாழ்க்கப்பட்ட எனக்கு ஒரு ரூமு இல்ல. மூணு மாசத்துக்குத்தானே, அதுவே குத்தமாப் போச்சு. ஒரு ஊட்ல எல்லாம் பேசி முடிச்சுட்டு, "யாராச்சும் கொழந்த குட்டி உண்டுங்களா?"ன்னு கேட்டா. உண்டு, இனிமேத்தான்னேன். சாவியத் திருப்பி வாங்கிட்டா. இன்னொரு எடத்துல, "பெத்து ஆறு மாசம் ஆனதுக்கப்புறம் வாங்க"ங்கறான். ஒரு அடுக்குமாடியில சங்கம் வெச்சிருக்கறாங்களாம், அந்தச் சங்கத்துல கேட்டுச் சொல்றாங்களாம். என்ற மக புள்ள பெக்கறதுக்கு அவங்க கூட்டம் போட்டு முடிவு பண்ணோணுமா? புரோக்கரு என்னடான்னா, "வவுத்த மறைச்சு எதுக்குங்க கஷ்டம், ரெண்டே பேருன்னு சொல்லிக் குடி போயிருங்க, அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறான். பொய் சொல்லிக் குடி போற பரம்பரையாங்க நாங்க?

இதெல்லாம் எங்கூட்டுக்காரரு ரேசன் கடையில நின்னு மரகதத்துக்கிட்டச் சொல்லியிருக்கறாரு. கேக்காமக் கொள்ளாம. ரெண்டு நாள்ல அவ வாத்தியார் ஊட்டுப் படியேறி வந்து நிக்கறா. இடுப்புல பையன், ஒண்ணரை வயசிருக்கும். ஊருக்கு வெளிய கவருமெண்டு கட்டுன குடிசை மாத்து வாரிய ஊடு ஒண்ணு அவளுக்கு ஒதுக்கியிருக்கறாங்களாம். "அக்கா, எங்க வீட்ல ஒரு ரூமு சும்மாதான் கெடக்கு. நல்ல காத்து வரும். தாரணிய அங்க கூட்டிட்டு வந்துருங்க. நானும் கூடமாட இருந்து பாத்துக்கிடுவேன். இவனுக்குக் கட்டுன தொட்டில் கொக்கி கூட அப்படியே இருக்கு"ங்கறா.

காப்பி போட்டுக் குடுத்தேன். வேண்டாம்னு நைசாச் சொல்லி அனுப்பிச்சுட்டேன்.

பின்ன என்னங்க? எங்ககிட்ட வாடகைக்கு இருந்தவ ஊட்ல போயி என்ற மக புள்ள பெத்துட்டுப் படுத்திருக்கறதா? சம்பந்தி ஊட்டுக்காரங்க பாக்க வந்தா எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாங்கன்னு கூப்புடறது? அவ நல்ல மனசோடதான் கேட்டாளா, இல்ல குத்திக் காட்ட வந்தாளான்னு கூட எனக்குச் சந்தேகம். போறப்ப, "இவன் பொறக்கறதுக்குள்ள மூணு வீடு மாறுனேங்க்கா, அந்த அலைச்சல் தாரணிக்கு வேண்டாம்"னா. மூணு ஊடு மாறுனாளாம். இப்பத்த ஓனருங்க அப்படி இருக்கறாங்க தம்பி, ஈவு எரக்கமில்லாம.

கடைசியில வளையல் போட்டும் என்ற மகளை நான் கூட்டிட்டு வரலைங்க. கட்டுச்சோத்தக் குடுத்துப்போட்டு வெறுங்கையோட பஸ் ஏறுனேன். சம்பந்தியம்மா சபையில வெச்சே சொன்னாங்க, "அம்மா ஊடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே அனுப்பறது." நாலு பேரு சிரிச்சாங்க. கொஞ்சம் நஞ்சம் சொத்தா வெச்சிருக்கறோம்? அந்த ஒரு சொல்லு இன்னும் இங்க நிக்குது, நெஞ்சுக்குள்ள.

பேரன் பொறந்தது தாராபுரத்துல. ஆனி மாசம். நான் பாக்கப் போனேன், ஒரம்பரையாட்ட ஒரு பிளாஸ்டிக் சேருல உக்கார வெச்சாங்க. பையன கையில குடுத்தாங்க, பசிக்குதுன்னு திருப்பி வாங்கிட்டாங்க. மருந்து அரைக்கறது, எண்ணெய் தேச்சுக் குளிக்க வெக்கறது எல்லாம் அந்தம்மா பண்றாங்க. நான் வேடிக்கை பாத்தேன். ஆரும் இல்லாதப்ப தாரணிகிட்ட, என்ன கண்ணு பண்றது, அந்தப் பாவி தயாளன் இப்படிப் பண்ணிப்போட்டானேன்னு சொன்னேன். அவ என்னையப் பாக்கவே இல்ல. பையன் தலையத் தடவிட்டே சொல்றா, "நான் மரகதக்கா ஊட்டுக்கு வந்திருப்பேன்மா. நீ என்னைய ஒரு வார்த்தை கேக்கலியே." நான் போனதுக்கு முந்தின நாளே மரகதம் பஸ்ஸேறிப் போயிப் பையனப் பாத்துட்டு வந்துட்டாளாம். சாம்பிராணி கூட வாங்கிட்டுப் போயிருக்கறா.

இந்த ஆவணிக்குத்தான் குடி வந்தோம். எட்டு மாசம்னு சொன்னது ரெண்டு வருசம் ஆச்சு. வந்ததும் மொத வேலையா இந்தத் தொட்டில வாங்கியாந்தேன். பேரன் வந்தா இந்த ஹால்ல போட்டு ஆட்டோணும்னு. தூக்கிட்டு வந்து நடு ஹால்ல வெச்சுட்டு அண்ணாந்து பாக்கறேன், மேல மொழுக்குனு இருக்குது. மேஸ்திரிக்கு போன் பண்ணிக் கத்துனேன். "நீங்கதானுங்கம்மா ஒரு ஊட்லயும் வேண்டாமுன்னீங்க, ரெண்டு தடவ சொன்னீங்க"ங்கறான். ஒரு ஊட்லயும்னா அதுல என்ற ஊடும் சேத்தியா? வாடகை ஊட்டைத்தான் சொல்றேன்னு ஒரு மேஸ்திரிக்குப் புரிய வேண்டாமுங்களா? இத்தனை வருசமா என்ன வேலை பாத்தானோ.

அப்புறம் ஆளு வந்து மிஷின் வெச்சுத் தொளச்சு அந்தக் கொக்கிய மாட்டுனான். தொளச்சதுல உள்ள போன கரண்டுக் குழா ஒடஞ்சு, ரெண்டு நாள் ஊடே இருட்டு. எல்லாம் சரி பண்ணியாச்சு. தாரணி ஒரே ஒரு தடவ வந்தா. காத்தால வந்து மத்தியானம் போயிட்டா. பையன் அவ மடியிலயே தூங்குனான். தொட்டில்ல போடு கண்ணுன்னேன். "அவனுக்குப் பழக்கமில்லம்மா"ன்னுட்டா. அன்னிக்கு மூடுன கவருதான் அது.

சரி உடுங்க, என்ற வெசனம் எனக்கு. வெளிய பேச்சுச் சத்தம் கேக்குது, அவரு வந்துட்டாரு போல. சாவிய வாங்கிட்டு வர்றேன், மேல போயிப் பாக்கலாம்.

இந்த மனுசனப் பாருங்க, உள்ள வராம வேப்ப மரத்தடியில சேரெடுத்துப் போட்டுட்டு நிக்கறாரு. உங்க ஊட்டம்மாவ உக்காரச் சொல்லறாரு. தண்ணிச் செம்பு வேற. எதுக்கு இத்தன... 

தம்பி. அந்தப் புள்ளைக்கு எத்தனை மாசம்?

ஆறா.

மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல? ரெண்டு பேருன்னுதானே புரோக்கரு சொன்னாரு. இல்லீங்க, உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நான் புள்ளைங்கன்னா உசுர உடறவ, இத்தன நேரம் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க. ஆனா இது புது ஊடு. மேல தொட்டில் கட்டறதுக்குக் கொக்கி கூட இல்லீங்களே, நீங்க என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க. இன்னொருக்கா தொளைக்கறதுக்கெல்லாம் என்னால முடியாது.

இருங்க, வெறுமன அனுப்ப மாட்டேன். அந்த மரகதம் நம்பரு இவருகிட்ட இருக்குது, வாங்கிக்குங்க. ஊருக்கு வெளியதான், ஆனா காத்து நல்லா வரும்னு சொன்னா. கேட்டுப் பாருங்க, அவ யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டா. அப்புறம் வளையல் போடற அன்னிக்கு மறக்காம எனக்கு ஒரு போன் பண்ணுங்க, நானே வந்து ரெண்டு கை நெறையாப் போட்டுட்டு வர்றேன்.

வெயில் ஏறறதுக்குள்ள மெல்லக் கூட்டிட்டுப் போங்க. போறப்ப கேட்டுல அந்த வாடகைப் போர்டு சாஞ்சிருக்கும், கொஞ்சம் நிமுத்தி வெச்சுட்டுப் போயிருங்க தம்பி.